அப்பா வழியும் உங்கள் வழிதான்

போனில் மார்பகப் புற்றுநோய் ரிஸ்க் பற்றிய சில கேள்விகளுக்குப் பதில் தட்டிவிட்டு, "ரிஸ்க் குறைவு எண்டு வந்திருக்கு டொக்டர்" என்று ஸ்கிரீன்ஷொட்டோடு வருபவர்கள் கூடிக்கொண்டே போகிறார்கள். கடைசியாக வந்தவர் வெள்ளவத்தைப் பெண். அம்மா வழியில் ஒருவருக்கும் மார்பகப் புற்றுநோய் இல்லை. அப்பா வழி? "அது எங்களுக்குச் சேராதுதானே?" பெரிய மாமிக்கு நாற்பது வயதுக்கு முன்பே மார்பகத்தில் வந்திருக்கிறது. சின்ன மாமி "வயித்தில கட்டி" வந்து செத்தவராம். விசாரித்தால் சூலகப் புற்றுநோய்.

எத்தனை தரம் சொல்வது? பழுதானால் மார்பக, சூலகப் புற்றுநோய் ரிஸ்க்கைக் கூட்டும் மரபணுக்கள் இரண்டு: பிஆர்சிஏ 1 பதினேழாவது நிறமூர்த்தத்தில் (குரோமோசோம்) இருக்கிறது, பிஆர்சிஏ 2 பதின்மூன்றாவதில். இரண்டும் ஆண், பெண் இருவரிடமும் உள்ளவை. பழுதான பிரதி அப்பாவிடம் இருந்தால், மகனோ மகளோ ஒவ்வொரு பிள்ளைக்கும் அது போகும் வாய்ப்பு 50 சதவீதம். அப்பா நோயே வராமல் திடகாத்திரமாக இருக்கலாம். சகோதரிகள் இல்லாத அப்பா என்றால் குடும்பத்தில் தடயமே தெரியாமல் போகலாம்.

நான் கணினிக்கு எதிரி இல்லை. 2004இல் அமெரிக்காவில் 211 பெண்களை வைத்து வந்த ஆய்வில், ரிஸ்க் குறைந்த பெண்களுக்கு இந்த மரபணுப் பரிசோதனை விஷயத்தைக் கற்பிப்பதில் கணினி நிரல் மரபணு ஆலோசகரை முந்தியது. பதற்றத்தைக் குறைப்பதிலும், தன் ரிஸ்க்கைச் சரியாக மட்டிட வைப்பதிலும் ஆலோசகரே மேல். நிறமூர்த்தப் பாடத்தை வீடியோ நடத்தட்டும், எனக்கும் தொண்டைத் தண்ணி மிச்சம். ஆனால் "வயித்தில கட்டி" என்றதும் "எந்த இடத்தில, எத்தனை வயசில?" என்று அந்தப் போன் கேள்விப் பட்டியல் திருப்பிக் கேட்காது.

வரும்போது இரண்டு பக்கத்து உறவுகளையும் எழுதி வாருங்கள், நோய் வந்த வயதோடு. மகரகம புற்றுநோய் ஆஸ்பத்திரியின் கிளினிக் கொப்பி பழசென்று எறியாதீர்கள். மரபணுப் பரிசோதனை என்றால், முடிந்தால் முதலில் நோய் வந்தவரையே பரிசோதிக்க வேண்டும். குடும்பத்தில் இருக்கும் மாற்றம் எதுவென்று தெரியாமல் சுகதேகி ஒருவருக்கு வரும் 'நெகட்டிவ்' பெரிதாக எதையும் சொல்லாது. 'அர்த்தம் நிச்சயமில்லாத மாற்றம்', அதாவது நோய் ரிஸ்க்கைக் கூட்டுமா இல்லையா என்று இன்னும் தெரியாத மாற்றம், என்று ரிப்போர்ட் வந்தால், அதை மட்டும் நம்பி ஒபரேஷனுக்கு ஓடவேண்டாம்.

கலியாணம் பேசும் நேரம் இதெல்லாம் வெளியே வரக்கூடாது என்று மறைக்கிறீர்கள், விளங்குகிறது. என்னிடமாவது மறைக்காதீர்கள். ரொறன்ரோவிலோ லண்டனிலோ இருக்கும் மாமிக்கு அங்கேயே பரிசோதனை செய்திருக்கலாம். கூச்சப்படாமல் கேட்டு, ரிப்போர்ட்டை வட்ஸ்அப்பில் எடுப்பியுங்கள். மாற்றம் எதுவென்று தெரிந்தால் உங்களிடம் அந்த ஒன்றை மட்டும் தேடினால் போதும், செலவும் குறையும்.