சிஎச்மாட் 777 போட்டால் டிஸ்க் சரியாகாது

மறுபடியும் அதே கதைதான் வந்திருக்கிறது. விண்டோஸ் லேப்டாப்பில் டபிள்யூஎஸ்எல்2 (விண்டோஸுக்குள்ளேயே லினக்ஸை ஓட்டும் வசதி) வழியாக உபுண்டு என்ற லினக்ஸ். ஒருநாள் திறந்தால் எதையும் சேமிக்க முடியவில்லை, எதைத் தொட்டாலும் ‘ரீட்-ஒன்லி ஃபைல் சிஸ்டம்’. உடனே யாரோ சொன்னார்கள் என்று சூடோ (ரூட் என்ற நிர்வாகியின் அதிகாரத்தில் ஓட்டுவது) போட்டு சிஎச்மாட் 777 (ஃபைல்மீது எல்லோருக்கும் எல்லா அனுமதியும் தரும் கட்டளை). அதுவும் நடக்கவில்லை என்றதும் அன்ரிஜிஸ்டர் (உபுண்டுவை டேட்டாவோடு நீக்குவது) செய்துவிட்டு மறு இன்ஸ்டால். அதற்கப்புறம்தான் கேட்கிறார்கள்: "என் ஹோம் ஃபோல்டரை மீட்க முடியுமா சார்?"

தயவுசெய்து இதை ஒருமுறை நிதானமாகப் படியுங்கள். இது பெர்மிஷன் கோளாறு இல்லை. பெர்மிஷன் இல்லாவிட்டால் லினக்ஸ் ‘பெர்மிஷன் டினைட்’ என்று சொல்லும். சூடோ போட்டால் வழி விடும். ‘ரீட்-ஒன்லி ஃபைல் சிஸ்டம்’ என்றால் ரூட்டுக்கும் அனுமதி கிடையாது. சிஎச்மாட்கூட டிஸ்க்கில் எழுதுகிற வேலைதானே? எழுதவே முடியாத டிஸ்க்கில் அது எப்படி ஓடும்? எக்ஸ்ட்4 ஃபைல் சிஸ்டம் (லினக்ஸ் டிஸ்க்கில் ஃபைல்களை அடுக்கிவைக்கும் முறை) தன் கணக்கில் முரண்பாட்டைக் கண்டதும், இதற்கு மேல் எழுதினால் சேதம் கூடும் என்று கெர்னல் (லினக்ஸின் மையப்பகுதி) தானாகவே கதவைச் சாத்துகிறது. ரீமவுண்ட் செய்து (டிஸ்க்கை மறுபடி பயன்பாட்டில் ஏற்றி) எழுதவைக்கும் வித்தையும் உதவாது. ஜர்னல் (எழுதும் மாற்றங்களைக் குறித்துவைக்கும் பதிவேடு) கைவிடப்பட்ட நிலையில் கெர்னல் அதை மறுத்துவிடும். ஃபியூஸ் போன வீட்டில் சுவிட்சைத் தட்டிக்கொண்டிருப்பது மாதிரிதான் இது.

ஒரு நல்ல செய்தி: எழுத முடியாதே தவிர, பெரும்பாலும் படிக்க முடியும். ஆகவே முதல் வேலை ரிப்பேர் இல்லை, காப்பி. முக்கியமான ஃபோல்டர்களை டார் செய்து (ஒரே ஃபைலாகக் கட்டி) வெளி டிரைவுக்கு அனுப்புங்கள். அடுத்து பவர்ஷெல்லில் ‘டபிள்யூஎஸ்எல் --ஷட்டவுன்’ கொடுத்து, எக்ஸ்ட்4.விஎச்டிஎக்ஸ் ஃபைலையே (உபுண்டுவின் முழு டிஸ்க்கும் விண்டோஸில் இந்த ஒரே ஃபைலாகத்தான் இருக்கிறது) அப்படியே நகலெடுங்கள். பென்டிரைவ் ஃபேட்32 என்றால் 4 ஜிபிக்கு மேல் ஒரே ஃபைலை ஏற்காது; என்டிஎஃப்எஸ் அல்லது எக்ஸ்ஃபேட் வேண்டும். ஃபைல் எங்கே என்று தெரியாவிட்டால் ரெஜிஸ்ட்ரியில் எல்எக்ஸ்எஸ்எஸ் கீயின் கீழ் ‘பேஸ்பாத்’ பாருங்கள்.

இப்போது ரிப்பேர். பழுதான டிஸ்க்கை அதற்குள்ளிருந்தே சரிசெய்ய முயலாதீர்கள். மவுண்ட் ஆகியிருக்கும் (பயன்பாட்டில் ஏற்றப்பட்டிருக்கும்) ஃபைல் சிஸ்டத்தில் இ2எஃப்எஸ்சிகே (எக்ஸ்ட்4-ஐச் சோதித்துத் திருத்தும் கருவி) ஓட்டினால் இருப்பதும் போகும். துணைக்கு டபிள்யூஎஸ்எல்லில் டெபியன் என்ற இன்னொரு லினக்ஸை இன்ஸ்டால் செய்துகொள்ளுங்கள், சின்னதுதான். பிறகு டபிள்யூஎஸ்எல்லோடு இணைந்து ஓடும் டாக்கர் டெஸ்க்டாப், விஎஸ் கோட் ஆகிய புரோகிராம்களை மூடுங்கள். இதைப் பலர் விட்டுவிடுகிறார்கள்: ஷட்டவுன் செய்த மறுநொடியே விஎஸ் கோட் மறுபடி இணைந்து பழுதான உபுண்டுவை எழுப்பிவிடும், ஃபைல் பயன்பாட்டில் இருக்கிறது என்று பிழை வரும். மீண்டும் ஷட்டவுன் கொடுங்கள். பவர்ஷெல்லை அட்மினாகத் திறந்து, ‘டபிள்யூஎஸ்எல் --மவுண்ட்’ என்பதோடு விஎச்டிஎக்ஸின் முழுப் பாதை, ‘--விஎச்டி’, ‘--பேர்’ மூன்றையும் கொடுங்கள். ‘பேர்’ முக்கியம்; டிஸ்க்கை இணைக்க மட்டும் செய்யும், மவுண்ட் செய்யாது.

டெபியனைப் பெயர் சொல்லி, ரூட்டாகத் திறங்கள். வெறும் ‘டபிள்யூஎஸ்எல்’ என்று அடித்தால் டீஃபால்ட்டாக இருக்கும் உபுண்டுதான் கிளம்பும். உள்ளே எல்எஸ்பிஎல்கே (டிஸ்க்குகளைப் பட்டியலிடும் கட்டளை) கொடுங்கள். இங்கேதான் குழப்பம்: உங்கள் ஃபைல் 80 ஜிபிதான் என்றாலும் பட்டியலில் 1 டிபி என்று காட்டலாம். அது டிஸ்க்கின் உச்சவரம்பு. டெபியனின் டிஸ்க்கும் அப்படியே காட்டும். அளவைப் பார்க்காதீர்கள். மவுண்ட் பாயிண்ட் காலியாக இருக்கும் பெரிய டிஸ்க்தான் நமக்கு வேண்டியது. அதன் பெயர் எஸ்டிடி என்றே வைத்துக்கொள்வோம்.

முதலில் ‘இ2எஃப்எஸ்சிகே -எஃப் -என் /டெவ்/எஸ்டிடி’. எதையும் மாற்றாமல் சேதத்தை மட்டும் காட்டும். பிறகு ‘-என்’ இல்லாமல். நூற்றுக்கணக்கில் கேள்வி கேட்டால் ‘-ஒய்’ சேருங்கள், ஆனால் நகல் கையில் இருந்தால் மட்டும். முடிந்ததும் இரண்டாம் முறையும் ஓட்டுங்கள். வெளியேறும் எண் 1 என்றால் பிழைகள் திருத்தப்பட்டன, 0 என்றால் சுத்தம், 4 என்றால் இன்னும் மிச்சம் இருக்கிறது.

‘பேட் மேஜிக் நம்பர்’ என்று வந்தால் பதறாமல், தப்பான டிஸ்க்கைச் சுட்டினோமா என்று பாருங்கள். பாதிக்கு மேல் அதுதான். சரியான டிஸ்க்தான் என்றால் மாற்று சூப்பர்பிளாக் (ஃபைல் சிஸ்டத்தின் அடிப்படை விவரப் பகுதியின் நகல்) கொடுத்து ஓட்டுங்கள்: ‘-பி 32768’. 4 கேபி பிளாக்கில் அடுத்தது 98304. ஓடும்போது ஐ/ஓ பிழைகள் கொட்டினால் உடனே நிறுத்துங்கள். கோளாறு லினக்ஸில் இல்லை, அடியிலுள்ள எஸ்எஸ்டியிலோ என்டிஎஃப்எஸ்ஸிலோ இருக்கலாம். அதை முதலில் பாருங்கள்.

எல்லாம் சுத்தமானால் ‘--அன்மவுண்ட்’, ஒரு ஷட்டவுன், பிறகு உபுண்டு. பெயர் தொலைந்த ஃபைல்கள் லாஸ்ட்+ஃபவுண்ட் ஃபோல்டரில் வெறும் எண்களோடு கிடக்கும். ‘ஃபைல்’ கட்டளையால் வகை பார்த்துப் பிரிக்க வேண்டியதுதான்.

இது ஏன் வருகிறது? மின்வெட்டு, பவர் பட்டனை அழுத்திப் பிடித்து அணைப்பது, ஓடிக்கொண்டிருக்கும்போதே விஎச்டிஎக்ஸை நகர்த்துவது. இவற்றைவிட அடிக்கடி பார்ப்பது சி டிரைவ் நிரம்பிப்போவது. லினக்ஸுக்குள் 600 ஜிபி காலி என்று டிஎஃப் (காலி இடத்தைக் காட்டும் கட்டளை) காட்டும். விண்டோஸில் 2 ஜிபிகூட இருக்காது. விஎச்டிஎக்ஸ் ஃபைல் வளர இடமில்லாமல் எழுத்து பாதியில் அறுந்துவிடும். உள்ளே அழித்தாலும் விஎச்டிஎக்ஸ் தானாகச் சுருங்காது. ஷட்டவுன் செய்துவிட்டு டிஸ்க்பார்ட்டில் (விண்டோஸின் டிஸ்க் கருவி) காம்பாக்ட் செய்து சுருக்க வேண்டும். ‘ஸ்பார்ஸ்’ (தானாகச் சுருங்கும் வகை) ஆக்கிவிடலாமே என்று குறுக்குவழி தேடாதீர்கள். டேட்டா கெடலாம் என்று டபிள்யூஎஸ்எல்லே எச்சரித்து, ‘--அலவ்-அன்சேஃப்’ இல்லாமல் அதைச் செய்ய மறுக்கிறது. அன்சேஃப் என்று பெயரிலேயே இருக்கும் ஒன்றை எதற்கு அடிக்கிறீர்கள்?

விஎச்டிஎக்ஸ் இருக்கும் ஃபோல்டருக்கு என்டிஎஃப்எஸ் கம்ப்ரெஷன் வேண்டாம். ஒன்டிரைவ் மாதிரி சிங்க் ஆகும் இடத்தில் வைக்காதீர்கள். வாரம் ஒருமுறை ‘--எக்ஸ்போர்ட்’ கொடுத்து முழு உபுண்டுவையும் ஒரு நகல் எடுத்து வேறு டிரைவில் வையுங்கள். ‘--அன்ரிஜிஸ்டர்’ அடிக்கும் முன் கையைக் கீபோர்டிலிருந்து எடுத்துவிடுங்கள்: அது "நிச்சயமா?" என்று கேட்காது, ரீசைக்கிள் பின்னிலும் போடாது, விஎச்டிஎக்ஸை நேராக அழித்துவிடும். செட்டிங்ஸில் இருக்கும் ‘ரீசெட்’ பட்டனும் உங்கள் டேட்டாவை விட்டுவைக்காது.