வருடாந்திரப் புல் அல்ல, ஒருபருவப் புல்

களை மேலாண்மை பற்றித் தமிழில் வரும் கட்டுரைகளில் ‘வருடாந்திரப் புல்’ என்ற தொடர் திரும்பத் திரும்பக் கண்ணில் படுகிறது. ஆங்கிலத்தின் ‘ஆனுவல் கிராஸ்’ என்பதைத்தான் இப்படி ஆக்கியிருக்கிறார்கள். இது தவறு. படிப்பவரைத் தப்பான வேலைக்கு அனுப்பிவிடும் தவறு.

மூலம் லத்தீன். ‘அன்னுஸ்’ என்றால் ஆண்டு. உயிரினங்களுக்கு லத்தீனில் பெயரிடும் முறையை வகுத்த சுவீடன் அறிஞர் லின்னேயஸ் 1753-இல் ஒரு சிறு புல்லுக்கு ‘போவா அன்னுவா’ என்று பெயரிட்டதும் இந்தச் சொல்லைக் கொண்டுதான். தாவரவியலில் இதன் பொருள்: முளைத்து, பூத்து, விதை தந்து, ஒரே வளர்ச்சிப் பருவத்தில் ஆயுளை முடித்துக்கொள்ளும் செடி. இதற்கு ‘ஒருபருவத் தாவரம்’ என்ற நல்ல சொல் நம் பாடநூல்களிலேயே இருக்கிறது. கூடவே இரண்டு பருவம் வாழ்வது இருபருவம், பல ஆண்டுகள் வாழ்வது பல்பருவம் என்று வரிசையும் உண்டு.

சரி, ‘வருடாந்திரம்’ என்றால் என்ன கெட்டுப்போகும்? வருடாந்திரக் கூட்டம், வருடாந்திர விழா, மாதாந்திரக் கட்டணம் என்று சொல்லிப் பாருங்கள். எல்லாமே மறுபடி மறுபடி வருபவை. ஆகவே வருடாந்திரப் புல் என்றால் ஆண்டுதோறும் தழைக்கும் புல் என்றுதான் தமிழ்க் காது கேட்கும். அது ஏறக்குறைய பல்பருவப் புல்லின் இலக்கணம்! அதைவிட மோசம், களத்தில் பார்த்தால் இந்தத் தப்பான பொருள் சரிபோலத் தெரிவது. ஒருபருவப் புல்லும் அடுத்த ஆண்டு அதே இடத்தில் நிற்கும். ஆனால் அது பழைய புல் அல்ல, அது உதிர்த்த விதையின் பிள்ளை.

இந்த வேறுபாட்டில்தான் மொத்தக் கட்டுப்பாடும் அடங்கியிருக்கிறது. அருகம்புல் போன்ற பல்பருவப் புல்லை மேலே வெட்டினால் தண்டிலிருந்து மறுபடி துளிர்க்கும், அதை அடியோடு ஒழிக்க வேண்டும். ஒருபருவப் புல்லுக்கு விதை ஒன்றுதான் வழி. விதை முற்றும் முன் பிடுங்கிவிட்டு, மண்ணில் ஏற்கெனவே கிடக்கும் விதைகள் தீரும்வரை சில ஆண்டுகள் விடாமல் செய்தால் அது ஒடுங்கும். சீக்கிரமே வெட்டினால் மறுபடி கிளைத்துத் தாழ்வாகக் கதிர் விடும். தாமதித்து வெட்டினால் நாமே விதை தூவியதாகிவிடும். தீவனத்துக்கோ, மண்ணை மூடிக் காக்கும் மூடுபயிராகவோ விதைக்கும் இத்தாலிய ரை புல்லுக்கும் இதே கணக்கு. விதை முற்றவிட்டால் அடுத்த பயிரில் அதுவே களை.

தனித்தமிழ் விரும்பிகள் ‘ஆண்டுத் தாவரம்’ என்பார்கள். வடசொல் போய்விட்டது, பிழை போகவில்லை. ‘ஓராண்டுத் தாவரம்’ கொஞ்சம் மேல், ஆனால் அதுவும் ஓர் ஆண்டு முழுக்க உயிரோடு இருக்கும் என்று நினைக்க வைக்கிறது. யூரேசியாவிலிருந்து போய் அமெரிக்க மேற்கின் கிரேட் பேசின் பகுதியை வளைத்துக்கொண்ட சீட்கிராஸ் என்ற களைப்புல்லைப் பாருங்கள். பெரும்பாலும் இலையுதிர் காலத்தில் முளைத்து, குளிரைத் தாங்கி, அடுத்த ஆண்டின் கோடைத் தொடக்கத்தில் காய்ந்துவிடுகிறது. காய்ந்த அந்தச் சருகுதான் அங்கே அடிக்கடி காட்டுத்தீ பரவக் காரணமாகிறது. நாள்காட்டியில் அது இரண்டு ஆண்டுகளைத் தொடுகிறது, ஆனால் வாழ்வது ஓர் ஆண்டுகூட இல்லை. போவா அன்னுவாவோ ஒரே ஆண்டில் ஒன்றுக்கு மேற்பட்ட தலைமுறை காணும். அதன் சில வகைகள் பல ஆண்டுகள் நீடிப்பதும் உண்டு. லத்தீன் பெயரே முழுதாகப் பொருந்தாத இடத்தில் ஆண்டைப் பிடித்துத் தொங்குவானேன்?

‘ஒருபோகப் புல்’ என்றும் சொல்லிப் பார்க்கலாம். ஆனால் போகம் நிலத்தின் விளைச்சலைக் குறிப்பது, செடியின் ஆயுளை அல்ல. பருவம் என்றால் மழை, குளிர் போன்ற காலம் அல்லவா என்று கேட்டால், அதுவும் உண்டு. ஆனால் பயிரோடு சேரும்போது விதைப்பிலிருந்து அறுவடை வரையிலான காலத்தையும் அது குறிக்கும். இங்கே தேவை அந்தப் பொருள்.

அகராதியின் முதல் பொருளை எடுத்து ஒட்டும் வழக்கம் நிற்காததால் இப்போது ‘குளிர்கால வருடாந்திரப் புல்’ வரை வந்திருக்கிறோம். அது குளிர்காலத்தில் வருவதா, வருடம் முழுக்க வருவதா? சீட்கிராஸை ‘குளிர்கால ஒருபருவப் புல்’ என்று எழுதினால், எப்போது முளைக்கும், எதோடு முடியும் என்பது பெயரிலேயே தெரிந்துவிடும். அதைப் பிடுங்கப் போகிறவருக்கு முதலில் தெரிய வேண்டியதும் அதுதான்.