கணக்கில் வராத காற்று

நான்கு சிலிண்டர் இன்ஜின் ஒன்று ஐடிலில், அதாவது ஆக்ஸிலரேட்டரை மிதிக்காமல் நின்றபடி ஓடும் நிலையில், நிமிடத்துக்கு 800 சுற்று சுழலும்போது, அதனுள் நொடிக்கு ஏறக்குறைய 27 முறை எரிபொருள் எரிகிறது. அத்தனையும் ஒரே வலிமையோடு நிகழ்ந்தால் நம் காதுக்கு எட்டுவது சீரான முனகல் மட்டுமே. ஒரு சிலிண்டர் வேலை செய்யாமல் போனால், இரண்டு சுற்றுக்கு ஒரு முறை உந்துதல் விடுபட்டு, நொடிக்கு ஆறேழு உலுக்கல்களாக அது இருக்கை வரை வந்துசேரும். பட்டறையில் இதைத்தான் ‘மிஸ்ஸிங் அடிக்கிறது’ என்கிறார்கள். கம்பெனியில் இருந்து வந்தபடியே ஓடும் காரில் பெரும்பாலும் தீப்பொறி தரும் பிளக் தேய்ந்ததோ, அதற்கு உயர் வோல்டேஜ் தரும் காயில் பழுதானதோ காரணமாக அகப்பட்டுவிடும். மாற்றங்கள் செய்த காரிலோ, ஒவ்வொரு பாகமும் தனித்தனியே நன்றாக இருந்தும் இன்ஜின் உதறக்கூடும். ஆகவே எந்தப் பாகம் கெட்டது என்று தேடுவதற்கு முன், எந்த மாற்றத்துக்குப் பிறகு உதறல் தொடங்கியது என்று கேட்பதே சரியான முதல் கேள்வி.

ஒரு கிராம் பெட்ரோல் முழுமையாக எரிய ஏறத்தாழ 14.7 கிராம் காற்று வேண்டும். இன்ஜினை ஆளும் கணினியான ஈசியூ, உள்ளே வரும் காற்றை எடைபோட்டு அதற்கேற்பப் பெட்ரோலை அளந்துவிடும் கணக்குப்பிள்ளை. பல கார்களில் அந்த எடையைச் சொல்வது, ஏர் ஃபில்டரை அடுத்த குழாயில் இருக்கும் மாஃப் சென்சார். மின்சாரத்தால் சூடாக்கப்பட்ட மெல்லிய கம்பியைக் கடந்துபோகும் காற்று குளிர்விக்க, அந்தச் சூட்டைக் காப்பாற்ற எவ்வளவு மின்னோட்டம் தேவைப்படுகிறது என்பதிலிருந்து காற்றின் அளவு தெரிகிறது. எரிந்து முடிந்த புகையில் ஆக்ஸிஜன் மிஞ்சியிருக்கிறதா என்று பார்த்து இந்தக் கணக்கைச் சரிபார்ப்பது சைலன்சர் குழாயின் தொடக்கத்தில் உள்ள ஆக்ஸிஜன் சென்சார். அதன் சொல்லைக் கேட்டு ஈசியூ செய்துகொள்ளும் திருத்தத்துக்கு ஃபியூயல் ட்ரிம் என்று பெயர். ஈசியூவோடு இணைத்துப் படிக்கும் கருவியான சாதாரண ஸ்கேனரிலேயே சதவீதமாகத் தெரியும் இந்த எண், நோய் அறிவதில் பிளக்கின் நிறத்தை விட அதிகம் பேசும் என்பது என் கருத்து.

காற்றை அழுத்தி இன்ஜினுக்குள் தள்ளும் டர்போவோ, சிலிண்டர்களுக்குக் காற்றைப் பிரித்துக் கொடுக்கும் இன்டேக் மேனிஃபோல்டில் புதியதோ பொருத்தும்போது ஒரு சிறு ரப்பர் ஹோஸ் கழன்றோ, இணைப்பை அடைக்கும் கேஸ்கெட் சரியாக உட்காராமலோ போனதாக வைத்துக்கொள்வோம். ஐடிலில் மேனிஃபோல்டுக்குள் இருக்கும் அழுத்தம் வெளிக்காற்றின் அழுத்தத்தில் மூன்றில் ஒரு பங்கு அளவே என்பதால், அந்த ஓட்டை வழியே காற்று வேகமாக உறிஞ்சப்படும். மாஃப் சென்சாரைக் கடக்காமல் நுழையும் இந்தக் காற்று கணக்கில் வராத காற்று. இன்ஜின் ஐடிலில் நொடிக்கு 3 கிராம் காற்றை இழுக்கிறது, அதில் அரை கிராம் ஓட்டை வழியே வருகிறது என்றால், கணக்கில் வந்த இரண்டரை கிராமுக்கு ஐந்தில் ஒரு பங்கு பிசகு. ட்ரிம் 20 சதவீதம் ஏறும். ஆக்ஸிலரேட்டரை மிதித்து நொடிக்கு 100 கிராம் ஓடும்போது அதே அரை கிராம் ஒரு பொருட்டே அல்ல; காற்று வரும் வழியைத் திறந்து மூடும் த்ராட்டில் முழுதாகத் திறந்தால் உள்ளும் புறமும் அழுத்தம் ஏறக்குறைய சமமாகி, டர்போ இல்லாத இன்ஜினில் கசிவே நின்றுவிடும். ஐடிலில் உயர்ந்து, சுற்று கூடக்கூட இறங்கும் ட்ரிம் கசிவின் கையெழுத்து என்பது இதனால்தான். இடத்தைக் கண்டுபிடிக்க, இன்ஜினை அணைத்துவிட்டு இன்டேக் குழாய்க்குள் புகையை ஊதி எங்கே கசிகிறது என்று பார்ப்பதே பாதுகாப்பான வழி. ஓடும் இன்ஜின் மேல் எரியக்கூடிய ஸ்ப்ரேயை அடித்துப் பார்க்கும் பழக்கம் தீயை வலிய அழைப்பது.

வேகம் கூடிய பிறகும் ட்ரிம் இறங்கவில்லை என்றால் கதை வேறு. 60 மில்லிமீட்டர் குழாயில் இருந்த மாஃப் சென்சாரை 70 மில்லிமீட்டர் குழாய்க்கு மாற்றினால், குறுக்குப் பரப்பு 1.36 மடங்காகிறது. அதே காற்று அகன்ற வழியில் மெதுவாகப் போக, சென்சார் உண்மையான அளவில் முக்கால் பங்குக்கும் சற்றுக் குறைவாகவே சொல்லும். இதை ஈடுகட்ட 36 சதவீதத் திருத்தம் வேண்டும். பல ஈசியூக்கள் 25 சதவீதம் அளவிலேயே கைவிட்டுவிடும். இங்கே கெட்டுப்போன பாகம் எதுவுமில்லை. சென்சாரின் அளவுகோலைப் புதுக் குழாய்க்கு ஏற்ப ஈசியூவில் திருத்தி எழுத வேண்டும்.

இதற்கு நேரெதிரான பிழையும் உண்டு. சுபாரு இம்ப்ரெஸா டபிள்யூஆர்எக்ஸ் போன்ற டர்போ கார்களில், த்ராட்டில் மூடும்போது மிஞ்சும் காற்றைத் திரும்பவும் இன்டேக் குழாய்க்கே அனுப்பும் வால்வு இருக்கிறது. ‘புஸ்ஸ்’ என்ற ஓசைக்கு ஆசைப்பட்டு அதை வெளியே ஊதும் வால்வாக மாற்றுகிறவர்கள், சென்சார் ஏற்கெனவே எண்ணிவிட்ட காற்றைத் தெருவில் கொட்டுகிறார்கள். இல்லாத காற்றுக்குப் பெட்ரோல் ஊற்றப்பட்டு, கியர் மாற்றும் நொடியில் கார் தடுமாறும்.

சரிபார்க்கும் ஆக்ஸிஜன் சென்சாரே ஏமாறும் இடம்தான் மிகச் சிக்கலானது. டர்போவின் அழுத்தம் கூடினால் பிளக்கின் இடைவெளியைத் தீப்பொறி தாண்ட அதிக வோல்டேஜ் தேவைப்படும். பழைய இடைவெளியையே விட்டுவைத்தால் பாரம் ஏறும்போது பொறி விழாமல் போகும். எரியாத சிலிண்டரிலிருந்து பெட்ரோலோடு ஆக்ஸிஜனும் வெளியேற, ஆக்ஸிஜனை மட்டுமே அறியும் சென்சார் பெட்ரோல் போதவில்லை என்று சொல்லிவிடும். ஈசியூ மேலும் ஊற்றும். ட்ரிம் ஏறியிருக்க, சைலன்சரில் எரியாத பெட்ரோல் வாடை அடித்தால் முதலில் பொறியைத்தான் சந்தேகிக்க வேண்டும். ஸ்கேனர் பி0302 என்ற பிழைக் குறியீட்டால் இரண்டாம் சிலிண்டரைக் காட்டினால், அதன் காயிலை மூன்றாம் சிலிண்டருக்கு மாற்றி ஓட்டிப் பாருங்கள். குறியீடு பி0303 ஆக இடம் மாறினால் குற்றவாளி காயில். மாறாவிட்டால் பிளக், பெட்ரோலைப் பீய்ச்சும் இன்ஜெக்டர், கடைசியாகச் சிலிண்டருக்குள் காற்று அழுத்தப்படும் அளவான கம்ப்ரெஷன் என்று வரிசையாகப் பார்க்க வேண்டும். அந்த ஒரு சிலிண்டரில் மட்டும் கம்ப்ரெஷன் மற்றவற்றை விட மிகவும் தாழ்ந்திருந்தால், லேப்டாப்பை மூடிவிட்டு இன்ஜினைப் பிரிக்க வேண்டியதுதான்.