மென்பொருளில் 'போட்டால்' கதை வராது

இந்த மாதத்தில் இது மூன்றாவது. மொழிபெயர்க்கச் சொல்லி சிறுகதைத் தொகுப்பு ஒன்றை அனுப்பிவிட்டு, "உங்களிடம்தான் டிராடோஸ் இருக்கிறதே, அதில் போட்டால் பாதி வேலை முடிந்துவிடுமே, கட்டணத்தைக் குறைக்கக் கூடாதா?" என்று கேட்கிறார்கள்.

போட்டால் ஒன்றும் வராது. டிராடோஸ், மெமோக்யூ, ஒமேகா-டி எல்லாம் மொழிபெயர்ப்பாளருக்குக் கைகொடுக்கும் மென்பொருள்கள். தாமாக மொழிபெயர்ப்பவை அல்ல. மூலத்தை வாக்கியம் வாக்கியமாக நறுக்கி வைக்கும். நான் முன்பு மொழிபெயர்த்ததை மூல வாக்கியத்தோடு சேர்த்து 'நினைவகம்' என்ற தன் சேமிப்பில் வைத்துக்கொள்ளும். அதே வாக்கியமோ அதைப் போன்றதோ மீண்டும் வந்தால் எடுத்து நீட்டும். நினைவகம் காலியாக இருந்தால் எதை நீட்டும்? இயந்திர மொழிபெயர்ப்பை இதனுடன் இணைத்துக்கொள்ளலாம் என்பது உண்மை. அதற்காக அதுவும் இதுவும் ஒன்றாகிவிடாது.

இந்த மென்பொருள் உதவுமா என்று அறிய, நூல் பெரியதா, தொழில்நுட்பம் சார்ந்ததா என்று பார்க்காதீர்கள். சொன்னதையே திரும்பச் சொல்கிறதா, திருத்திய பதிப்பு வருமா என்று பாருங்கள். பயனர் கையேடு, ஒப்பந்தம், உதிரிபாகப் பட்டியல் எல்லாம் இந்த வகை. "மின் இணைப்பைத் துண்டிக்கவும்" என்று ஒரே கையேட்டில் 40 முறை தட்டச்சு செய்ய எனக்கும் ஆசையில்லை.

கதையில் நடப்பது வேறு. 'கம் இன்' என்று 6 இடங்களில் வருகிறது. மென்பொருளுக்கு ஆறும் ஒரே வாக்கியம், அதாவது 100 சதவீதப் பொருத்தம். தமிழில் நண்பனுக்கு "உள்ளே வாடா", மாமனாருக்கு "வாருங்கள் மாமா". முதலில் எழுதிய 'வாடா'வை மற்ற ஐந்திலும் தானாக நிரப்பிவிடும். மாமனார் நிலையை நினைத்துப் பாருங்கள். கவிதையிலும் விளம்பர வாசகத்திலும் இந்த அபத்தப் பொருத்தம்கூடக் கிடைப்பது அரிது. வாக்கியம் வாக்கியமாக நறுக்கி வைத்த கட்டங்கள் மட்டும் குறுக்கே நிற்கும்.

பொருத்தமான உரையிலும் கண்ணை மூடிக்கொண்டு ஒப்புக்கொள்ளாதீர்கள். புதிதாகத் தொழிலுக்கு வந்த ஒருவரின் கோப்பைச் சரிபார்த்தேன். பழைய கையேட்டில் மூடியைத் திறக்கலாம் என்றிருந்தது. புதிய ஆங்கில மூலத்தில் 'நாட்' (not) என்ற ஒரே ஒரு மறுப்புச் சொல் கூடியிருந்தது. நீண்ட வாக்கியம், ஆகவே 90 சதவீதத்துக்கும் மேல் பொருத்தம். அவர் அப்படியே ஏற்றுக்கொண்டுவிட்டார். கொதிக்கும் பாத்திரத்தின் மூடி அது!

வேலை தருபவர்களிடம் ஒரு வேண்டுகோள். ஸ்கேன் செய்த பக்கங்களை அனுப்பாதீர்கள். அவற்றை எழுத்தாக மாற்றினாலும், வரி முடியும் இடங்களில் வாக்கியம் துண்டாகிவிடக்கூடும். நினைவகத்தில் சேர்வது குப்பைதான். மூல வேர்டு கோப்பு உங்கள் கணினியில் எங்கோதான் இருக்கும். தயவுசெய்து தேடிப் பாருங்கள்.