வேனின் பின்பக்கத் திரையும் பின்னால் வருபவரின் கண்ணும்

கோவைப் பகுதியில் வாகனங்களுக்கு எல்இடி விளம்பரத் திரை பொருத்தும் தொழிலில் பதினைந்து ஆண்டுகளாக இருக்கிறேன். குட்டி யானையின் முதுகில் ஏற்றும் சிறிய திரையிலிருந்து, மூன்று பக்கமும் படம் ஓடும் பெரிய பிரசார வேன் வரை என் பட்டறையிலிருந்து வெளியே போயிருக்கின்றன. ஆடித் தள்ளுபடி, நகைக்கடைத் திறப்பு விழா, கும்பாபிஷேக நேரலை, தேர்தல் என்று ஆண்டு முழுவதும் வேலை இருக்கும். வண்டி கொண்டுவருபவர்கள் விலையைக் கேட்பார்கள், பிக்சல் பிட்ச் (ஒளிப்புள்ளிகளுக்கு இடையிலான தூரம்) எத்தனை என்று கேட்பார்கள், வெயிலில் படம் பளிச்சென்று தெரியுமா என்று கட்டாயம் கேட்பார்கள். இரவில் அந்தத் திரைக்குப் பின்னால் வண்டி ஓட்டி வருபவருக்கு என்ன தெரியும் என்று கேட்டவர்கள் மிகச் சிலர். பல ஆண்டுகள் நானும் அதைக் கேட்டுக்கொள்ளவில்லை.

கேட்க வைத்தது பல்லடம் சாலையில் நடந்த ஒரு வெள்ளோட்டம். ஜவுளிக்கடை ஒன்றுக்காகச் செய்த வேன் அது. பின்பக்கக் கதவின் மேல் 960 மில்லிமீட்டர் சதுரக் கேபினெட்டுகள் (எல்இடி பலகைகள் பதித்த பெட்டிகள்) நான்கை அடுக்கியிருந்தோம். இரவு எட்டு மணி இருக்கும். வேன் மெதுவாக முன்னால் போக, படத்தில் கோடு விழுகிறதா, நிறம் சரியாக வருகிறதா என்று பார்த்துக்கொண்டே நான் பைக்கில் பின்தொடர்ந்தேன். வெள்ளைப் பின்னணியில் பட்டுப்புடவை விரியும் காட்சி. திரையில் ஒரு குறையும் இல்லை என்று திருப்தியோடு பார்த்துக்கொண்டிருந்த அந்த நொடியில், எனக்கு முன்னால் பத்தடி தூரத்தில், சாலையின் இடது ஓரத்தில், புல்லுக்கட்டு ஏற்றிய சைக்கிளைத் தள்ளிக்கொண்டு ஒரு பெரியவர் நடந்துபோவது தெரிந்தது. அதுவரை அவர் அங்கே இருந்ததாகவே என் கண்ணுக்குப் படவில்லை. பிரேக்கை அழுத்தி ஹேண்டிலை ஒடித்ததில் நான்தான் மண்ணில் சரிந்தேன். அவருக்கு ஒன்றும் ஆகவில்லை. சைக்கிளை நிறுத்திவிட்டு என்னைத் தூக்கிவிட்டவரும் அவர்தான். நான் செய்த திரைதான் அவரை என் கண்ணிலிருந்து மறைத்தது.

அன்று இரவே கணக்குப் போட்டுப் பார்த்தேன். கணக்கு எளிமையானது என்பதால் இங்கேயே தருகிறேன். திரையின் பிரகாசத்தை நாங்கள் நிட்ஸ் என்ற அலகில் சொல்கிறோம். ஒரு சதுர மீட்டர் பரப்பிலிருந்து எத்தனை கேண்டெலா (ஒரு திசையில் வீசும் ஒளியின் வலுவை அளக்கும் அலகு) ஒளி வருகிறது என்பதுதான் அது. நடுப்பகல் வெயில் ஏறத்தாழ ஒரு லட்சம் லக்ஸ் (ஒரு பரப்பின் மேல் விழும் வெளிச்சத்தின் அலகு) அளவுக்கு அடிப்பதால், வெளிப்புறத் திரைகள் 5000 நிட்ஸும் அதற்கு மேலும் தரும்படி செய்யப்படுகின்றன. அதற்குக் குறைந்தால் பகலில் படம் வெளுத்துப்போகும். நான்கு கேபினெட்டுகளின் பரப்பு சுமார் 3.7 சதுர மீட்டர். அது முழு வெள்ளையில் 5000 நிட்ஸில் எரியும்போது 18,000 கேண்டெலாவுக்கு மேல் ஒளியைப் பின்னால் வருபவரின் மேல் வீசுகிறது. தூரத்தின் வர்க்கத்தால் அதை வகுத்தால், 25 மீட்டர் பின்னால் வருபவரின் கண்ணில் அது சுமார் 29 லக்ஸாக விழுகிறது. இதே 25 மீட்டரில், எதிரே வருபவரின் கண்ணில் ஒரு லக்ஸுக்கும் குறைவாக விழவேண்டும் என்ற அளவில்தான் ஹெட்லைட்டின் டிம் ஒளி வடிவமைக்கப்படுகிறது. எதிரே வருபவர் டிம் செய்யவில்லை என்று நாம் கோபப்படுகிறோம்; இந்த வேனோ, அப்படி ஒரு வெளிச்சத்தை நாம் அதைக் கடந்துபோகும் வரை நம் முகத்துக்கு நேராகப் பிடித்துக்கொண்டே போகிறது.

இருட்டில் கண்ணின் பாவை விரிந்திருக்கும். அந்த நேரத்தில் வலுவான ஒளி உள்ளே நுழைந்தால், கண்ணுக்குள்ளேயே அது சிதறி, பார்க்கும் காட்சி முழுவதன் மேலும் ஒரு வெண்திரையைப் போர்த்திவிடுகிறது. திரைக்கு நேர் முன்னால் யாராவது நின்றால் நிழலுருவாகவாவது தெரிவார். திரைக்குப் பக்கவாட்டில், இருட்டின் பக்கம் இருப்பவர்தான் முற்றிலும் மறைந்துபோகிறார். வயது ஏற ஏறக் கண்வில்லையில் இந்தச் சிதறல் கூடும், கண்புரை தொடங்கியவர்களுக்கு இன்னும் மோசமாகும். கீறல் விழுந்த ஹெல்மெட் கண்ணாடியும், மழைத்துளி படிந்த கார் கண்ணாடியும் இதே வேலையைச் செய்கின்றன என்பதை, இரவில் வண்டி ஓட்டும் எவரும் அறிவார்.

பிரேக் விளக்கைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். ஒரு வாகனத்தின் பிரேக் விளக்கு சில நூறு கேண்டெலாவைத் தாண்டுவதில்லை. அதற்கு ஓரடி மேலே 18,000 கேண்டெலா எரிந்துகொண்டிருந்தால், ஓட்டுநர் பிரேக்கை மிதித்தது பின்னால் வருபவருக்கு எப்படித் தெரியும்? போதாக்குறைக்கு, தள்ளுபடி விளம்பரம் என்றாலே வடிவமைப்பாளர்கள் சிவப்பைத்தான் முதலில் எடுக்கிறார்கள். திரையில் சிவப்பு வந்து வந்து போகும்போது, எந்தச் சிவப்பு நிற்கச் சொல்கிறது, எந்தச் சிவப்பு புடவை வாங்கச் சொல்கிறது என்று பிரித்தறியும் பொறுப்பைப் பின்னால் வரும் பைக்காரரின் தலையில் கட்டுகிறோம். மத்திய மோட்டார் வாகன விதிகள், 1989-இன் 108-ஆம் விதி, வாகனத்தின் முன்பக்கம் சிவப்பு ஒளியும் பின்பக்கம் சிவப்பு அல்லாத ஒளியும் தெரியக்கூடாது என்று சொல்லி, நம்பர் பிளேட் விளக்கு, இண்டிகேட்டர், ரிவர்ஸ் விளக்கு போன்றவற்றுக்கு மட்டும் விலக்கு அளிக்கிறது. எல்லா நிறமும் ஓடும் பின்பக்கத் திரையோடு சாலையில் போகும் வண்டி இந்த விதியோடு எப்படிப் பொருந்தும் என்பதை, வண்டி உரிமையாளர்கள் பணம் போடுவதற்கு முன்பே யோசிக்க வேண்டும்.

சட்டத்தைத் தொட்டுவிட்டதால் இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். பதிவுச் சான்றிதழில் உள்ள விவரத்திலிருந்து மாறும்படி வாகனத்தை மாற்றியமைக்கக்கூடாது என்கிறது மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு. உச்ச நீதிமன்றம் 2019 ஜனவரியில் அதை உறுதிப்படுத்தியிருக்கிறது. அதே ஆண்டு வந்த திருத்தத்தின்படி, அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் உரிமையாளருக்கு 5000 ரூபாய் அபராதமோ ஆறு மாதம் வரை சிறையோ இரண்டுமோ விதிக்கலாம். இரும்புக் கேபினெட் சதுர மீட்டருக்கு 40 கிலோ வரை எடையிருக்கும். அதை உயரத்தில் ஏற்றி, ஜெனரேட்டரையும் வைத்தால் வண்டி வளைவில் திரும்பும் விதமே மாறிவிடும். ஆகவே ஆர்டிஓ அலுவலகத்தில் எழுத்துப்பூர்வமான அனுமதி இல்லாமல் வருபவர்களின் வண்டியை இப்போது நான் தொடுவதில்லை.

பிரகாசத்துக்குத் திரும்புகிறேன். அமெரிக்காவின் பல ஊர்களில், அசையாமல் நிற்கும் டிஜிட்டல் விளம்பரப் பலகைக்கே இரவில் 300 நிட்ஸ் என்று வரம்பு வைத்திருக்கிறார்கள். நம் வேன் கணக்கில் அதைப் போட்டால், 25 மீட்டரில் கண்ணில் விழுவது 1.8 லக்ஸ் அளவுக்கு வருகிறது. அதுவும் டிம் ஒளியின் அளவைத் தாண்டியதுதான். 150 நிட்ஸுக்கு இறக்கினால்தான் ஒரு லக்ஸுக்குக் கீழே போகிறது. 5000 நிட்ஸ் திரையில் 150 என்பது வெறும் 3 சதவீதம். மென்பொருளில் பிரைட்னஸ் கோட்டை நூறிலிருந்து மூன்றுக்கு இழுக்கும்போது, பட்டறை வெளிச்சத்தில் திரை அணைந்துவிட்டது போலத் தோன்றும். வாடிக்கையாளர் முகம் சுண்டிவிடும். அவரை அப்படியே தெருவிளக்கு மட்டும் உள்ள இடத்துக்குக் கூட்டிப்போய்க் காட்டினால், எழுத்து முன்பைவிடத் தெளிவாகத் தெரிவதாக அவரே சொல்வார். சுற்றிலும் பத்து, இருபது லக்ஸ் மட்டுமே உள்ள தெருவில் 150 நிட்ஸ் தாராளம். நூறு சதவீதத்தில் எழுத்தின் விளிம்பு கரைந்து, வெறும் ஒளிப்பிழம்பாகத்தான் தெரிந்திருக்கும்.

இதில் ஒரு நியாயமான சங்கடமும் இருக்கிறது. விலை குறைந்த மாட்யூல்களில் (திரையாகச் சேர்த்துக் கட்டும் சிறு எல்இடி பலகைகளில்) பிரைட்னஸை இவ்வளவு இறக்கினால் நிறத்தின் நுண்ணிய படிகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். மனித முகம் முகமூடி போலாகிவிடும். ஆபரேட்டர்கள் இரவில் பிரைட்னஸை மறுபடியும் ஏற்றுவதற்குக் காரணம் பெரும்பாலும் இதுதான். அவர்களை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. குறைந்த பிரைட்னஸிலும் நிறப்படிகளைக் காப்பாற்றும், 3840 ஹெர்ட்ஸ் ரெஃப்ரெஷ் (நொடிக்கு 3840 முறை படத்தைப் புதுப்பிக்கும் வேகம்) உள்ள மாட்யூல்களைக் கேட்டு வாங்குவது ஒரு வழி. செலவில்லாத வழி, இரவுக்கென்று தனி விளம்பரம் செய்துகொள்வது: கறுப்புப் பின்னணி, பெரிய எழுத்து, இரண்டே நிறம். வெள்ளைப் பின்னணியை எடுத்துவிட்டாலே திரை உமிழும் ஒளியில் பெரும்பகுதி போய்விடும். வெளிச்சத்துக்கு ஏற்பத் தானாகக் குறைக்கும் சென்சாரையும் நான் பொருத்துகிறேன். ஆனால் சர்வீஸுக்கு வந்த வண்டி ஒன்றில், அந்தச் சென்சாருக்குப் பக்கத்திலேயே ஒரு சிறிய விளக்கைக் கட்டி, எப்போதும் பகல் என்று அதை நம்பவைத்திருந்தார்கள். ஆகவே, மாலை ஆறு மணி முதல் காலை ஆறு மணி வரை பிரைட்னஸ் குறிப்பிட்ட எண்ணைத் தாண்டக்கூடாது என்று நேரத்தின் அடிப்படையிலும் ஒரு பூட்டுப் போட்டுவிடுகிறேன்.

இவ்வளவும் நிற்கும் வண்டிக்கு. ஓடும் வண்டியில் திரை எரியவே கூடாது என்பதுதான் என் உறுதியான கருத்து. பார்வையை இழுப்பதற்காகவே நாங்கள் செய்யும் பொருள் இது; அது தன் வேலையைச் சரியாகச் செய்தால், பின்னால் வருபவரின் கண் சாலையில் இருக்காது. 60 கிலோமீட்டர் வேகத்தில் போகிறவர் இரண்டு நொடி திரையைப் படித்தால், அதற்குள் 33 மீட்டர் கடந்திருப்பார். அமெரிக்காவில் நூறு கார்களில் கேமரா பொருத்தி நடத்தப்பட்டு 2006-இல் வெளியான ஆய்வு, சாலையிலிருந்து இரண்டு நொடிக்கு மேல் பார்வை விலகும்போது விபத்து அபாயம் குறைந்தது இரு மடங்காகிறது என்று காட்டியது. இதற்குத் தீர்வு கடினமில்லை. கைபிரேக் சுவிட்சிலிருந்து ஒரு ரிலே (மின்சாரத்தால் இயங்கும் சுவிட்ச்) எடுத்து, திரைக்குப் படம் அனுப்பும் பெட்டியான சென்டிங் பாக்ஸோடு இணைத்துவிட்டால், கைபிரேக் இறங்கிய நொடியில் திரை கறுப்பாகிவிடும். வண்டி நின்று, கைபிரேக் ஏறிய பிறகே படம் வரும். பொருளுக்குச் சில நூறு ரூபாயும் அரை நாள் வேலையும்தான் ஆகும்.

ஒரே ஒரு திரை போதும் என்பவர்களிடம், பின்பக்கம் வேண்டாம், இடது பக்கம் வையுங்கள் என்கிறேன். நம் ஊரில் வண்டி இடது ஓரமாகத்தான் நிற்கும். இடப்பக்கத் திரை நடைபாதையையும் கடைவாசலையும் பார்த்திருக்கும். நின்று படிக்கக்கூடியவர்கள் இருப்பது அங்கேதான். வலப்பக்கத் திரையின் முன் நின்று பார்ப்பவர்களோ நடுச்சாலையில் நிற்கிறார்கள், அவர்களில் பெரும்பாலோர் பிள்ளைகள்.

இப்போதெல்லாம் எந்த வேனையும் பகலில் ஒப்படைப்பதில்லை. இருட்டிய பிறகு பட்டறைக்குப் பின்னால் உள்ள மண்சாலையில் வேனை நிறுத்தி, உரிமையாளரை 25 மீட்டர் பின்னால் ஒரு பைக்கில் உட்காரவைக்கிறேன். என் பட்டறைப் பையன் விளக்கில்லாத சைக்கிள் ஒன்றைத் தள்ளிக்கொண்டு வேனின் இடது ஓரமாக நடப்பான். முதலில் திரையை நூறில் வைத்துக் காட்டுவேன். பிறகு படிப்படியாக இறக்குவேன். சைக்கிள் தெரிகிறது என்று அவரே வாய்விட்டுச் சொன்ன எண்ணை, பெரும்பாலும் அது மூன்றுக்கும் நான்குக்கும் இடையில் இருக்கும், குறித்துப் பூட்டிவிட்டுத்தான் சாவியைக் கையில் கொடுக்கிறேன்.