எடுத்த எண்ணை யார் பார்க்கிறார்கள்?

மலேசியாவின் பேராக்கில், ரப்பரும் செம்பனையும் சூழ்ந்த எங்கள் ஊரின் கிளினிக்கில் பதிந்துவிட்டுக் காத்திருக்கும் முதியவர்களில் பலர், ஒரு காலத்தில் விடியும் முன்பே பால் மரம் வெட்டப் போனவர்கள். என் பெரியம்மாவும் அவர்களில் ஒருவர். அவருடைய ரத்தக் கொதிப்பைப் பார்க்க மகன் வாங்கித் தந்த கருவி கைப்பேசியோடு இணைவது. பட்டையைக் கையில் சுற்றிப் பொத்தானை அழுத்தினால் எண் தானாகவே செயலியில் ஏறிவிடும். மூன்று வாரம் தவறாமல் எடுத்தவர், நான்காவது வாரம் கருவியை அலமாரியில் வைத்துவிட்டார். "எடுத்து என்ன செய்ய? கைப்பேசியை நீட்டினேன், டாக்டர் பார்க்கவே இல்லையே" என்றார்.

இதை முதுமையின் சோம்பல் என்றோ, கைப்பேசி பழகாத தலைமுறையின் தயக்கம் என்றோ ஒதுக்கிவிடலாம். ஆனால், மனிதர்கள் ஒரு தொழில்நுட்பத்தை ஏன் ஏற்கிறார்கள் என்பதை ஆராய்ந்த ஃபிரெட் டேவிஸ், 1989-இல் வெளியிட்ட கட்டுரையில் இரண்டு காரணங்களைப் பிரித்துக் காட்டினார்: அது பயன்படும் என்ற எண்ணம் ஒன்று, கையாள எளிது என்ற எண்ணம் மற்றொன்று. இவற்றில் முதலாவதே பயன்பாட்டோடு வலுவாகப் பிணைந்திருந்தது. ரத்த அழுத்தம் போன்ற ஒன்றில் அந்தப் பயனை நோயாளி தானாக உணர்வதற்கு வழியில்லை. 150 என்றாலும் 130 என்றாலும் உடம்பு பெரும்பாலும் ஒரே மாதிரிதான் இருக்கும். ஆகவே, அந்த எண்ணால் ஏதாவது நடக்கிறதா என்பதை அவர் டாக்டரின் முகத்தைப் பார்த்தே தெரிந்துகொள்கிறார்.

உண்மையில் டாக்டருக்கும் அந்த எண்கள் தேவை. ரத்த அழுத்தம் ஒவ்வோர் இதயத் துடிப்புக்கும் மாறுவது. கிளினிக் நாற்காலியில் உட்கார்ந்தாலே சிலருக்கு ஏறிவிடுவது. அதனால்தான் கிளினிக்கில் 140-க்கு 90 என்பதை எல்லையாகக் கொள்ளும் மருத்துவம், வீட்டு அளவீடுகளின் சராசரிக்கு 135-க்கு 85 என்ற தாழ்ந்த எல்லையை வைத்திருக்கிறது. ஐந்து நிமிடம் அமைதியாக உட்கார்ந்து, ஒரு நிமிட இடைவெளியில் இரண்டு முறை, காலையும் மாலையும் என ஒரு வாரம் எடுத்த எண்களில் தற்செயலான ஏற்ற இறக்கம் கரைந்து, உண்மையான அளவு தெளிந்து வரும்.

பிரிட்டனில் 1,182 பேரைக் கொண்டு நடத்தி, 2018-இல் லான்செட் இதழில் வெளியான ஓர் ஆய்வு இங்கே பொருத்தமானது. வழக்கம்போல் கிளினிக் அளவை மட்டுமே நம்பிய குழுவின் மேல் அழுத்தம் (இரண்டு எண்களில் பெரியது) ஓராண்டு முடிவில் சராசரியாக 140.4, வீட்டில் தாங்களே எடுத்துத் தாளில் எழுதி அனுப்பியவர்களுக்கு 137.0, எடுத்ததைக் கைப்பேசிக் குறுஞ்செய்தியில் அனுப்பியவர்களுக்கு 136.0. தாளுக்கும் கைப்பேசிக்கும் இடையே ஓராண்டில் பெரிய வேறுபாடு இல்லை என்பதை என்னவோ பலர் கவனிக்காமல் கடந்துவிடுகிறார்கள். இரு குழுக்களுக்கும் பொதுவாக இருந்தது ஒன்றே: அந்த எண்களை வைத்துத்தான் டாக்டர்கள் மருந்தைக் கூட்டினார்கள், மாற்றினார்கள். அதற்கு முந்தைய ஆண்டில் பல ஆய்வுகளின் தரவைத் திரட்டிப் பார்த்த மற்றோர் அலசலிலும், யாருடைய துணையுமின்றித் தானே அளந்துகொள்வதால் அழுத்தம் ஏறக்குறைய 1 புள்ளிதான் குறைந்தது. நெருக்கமான வழிகாட்டலும் சேர்ந்தபோது சுமார் 6 புள்ளி குறைந்தது.

பார்ப்பதிலும் விதம் இருக்கிறது. "என்ன சாப்பிட்டீங்க, இவ்வளவு ஏறியிருக்கு?" என்ற கேள்வியை டாக்டரிடமிருந்து ஒருமுறை கேட்டுவிட்ட நோயாளி, அடுத்த முறை ஏறிய எண்களை அழித்துவிட்டு நல்லதை மட்டும் கொண்டுவருவார். இனிப்பு நீர், அதாவது நீரிழிவு, உள்ளவர்களிடம் இது இன்னும் கூடுதல். கிளினிக் நாளுக்கு முந்தைய இரண்டு நாள் மட்டும் சோற்றைக் குறைத்துச் சர்க்கரை பார்ப்பவர்கள் எங்கள் தெருவிலேயே உண்டு. திட்டுக்கு அஞ்சித் திருத்தப்பட்ட எண்களை எந்தச் செயலியாலும் நேராக்க முடியாது. "எத்தனை மணிக்கு எடுத்தீங்க, மாத்திரைக்கு முன்னாடியா பின்னாடியா?" என்று கேட்கும் டாக்டருக்கோ உள்ளது உள்ளபடி கிடைக்கிறது.

நம்பிக்கை மிகுந்தால் பயன்பாடும் மிகும் என்று நேர்கோடு போட்டுவிடவும் கூடாது. தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்கு டிரஸ்ஸர் நினைவிருக்கும். டிரஸ்ஸர் எனப்பட்ட தோட்ட மருத்துவ உதவியாளர்களைப் பதிவு செய்ய 1965-இல் தனிச் சட்டமே வந்தது. ஆனால் தோட்டக் குடியிருப்பு வரிசையான லயத்து மக்களுக்கு அவர் மருந்தும் ஊசியும் தீர்ப்பும் ஒன்றாகச் சேர்ந்த ஆள். எல்லாம் அவர் பார்த்துக்கொள்வார் என்ற அந்தப் பழக்கம் இன்று டாக்டர் மீது ஏறும்போது, தானே அளப்பது வீண் வேலையாகத் தோன்றுகிறது. மறுபக்கம், டாக்டர் மீது நம்பிக்கை அற்றுப்போனவர் இணையத்தில் இரவெல்லாம் தேடுவார். கைப்பேசி அங்கேயும் பயன்படத்தான் செய்கிறது, சிகிச்சைக்கு வெளியே.

கட்டாயத்தின் கதை வேறு. கோவிட் பரவலின்போது 2020-இல் வந்த அரசின் மைசெஜாத்ரா செயலி, கடை வாசலில் காட்டியாக வேண்டியிருந்ததால் முதியவர்களின் கைப்பேசிகளிலும் ஏறியது. கிளினிக் முன்பதிவுக்கு இப்போதும் அது உதவுகிறது. ஆயினும், பேரப்பிள்ளை தட்டிக் கொடுத்தால்தான் அது எங்கள் வீட்டில் திறக்கும். 2023-ஆம் ஆண்டின் தேசியச் சுகாதார ஆய்வின்படி நாட்டின் பெரியவர்களில் 15.6 விழுக்காட்டினருக்கு இனிப்பு நீரும், 29.2 விழுக்காட்டினருக்கு ரத்தக் கொதிப்பும் இருக்கின்றன. இத்தனை பேருக்கும் கருவி வாங்கித் தருவது எளிது. அவர்கள் எடுக்கும் எண்களைப் படிக்க டாக்டருக்கு நேரம் ஒதுக்குவதுதான் கடினம்.

பெரியம்மாவின் கருவி ஆறு மாதம் கழித்து அலமாரியிலிருந்து வெளியே வந்தது. மாற்றலாகி வந்த ஓர் இளம் டாக்டர், கைப்பேசித் திரையைத் தம் பக்கம் திருப்பிக் கீழ்வரை தள்ளிப் பார்த்து, காலை எண்கள் மட்டும் ஏன் ஏறியிருக்கின்றன என்று கேட்டு, மாத்திரையின் அளவை மாற்றி, ஒரு வாரம் எடுத்துக் காட்டச் சொன்னார். அவரும் ஒருநாள் மாற்றலாகிப் போவார் என்பதால், பக்கத்தில் இருந்த மிஸ்ஸி (தாதி) அந்த வாரத்துச் சராசரியைக் கோப்பிலும் எழுதி வைத்தார். செயலியின் எழுத்து இன்னும் ஆங்கிலத்தில்தான் இருக்கிறது. பெரியம்மா அதைப் படிப்பதில்லை, மேலே உள்ள எண்ணைத்தான் படிக்கிறார், காலையில் ஒன்றும் மாலையில் ஒன்றுமாக.