பீடி சுற்றும் வீட்டுக்குச் சட்டம் வந்த வழி

குடியாத்தம், பேரணாம்பட்டு பக்கம் வீட்டில் பீடி சுற்றும் பெண்களுக்கு ஆலைச் சங்கு கிடையாது, வருகைப் பதிவு கிடையாது. இலையும் தூளும் வாங்கி வருவார்கள், வெட்டிச் சுற்றி நூல் கட்டித் திருப்பிக் கொடுப்பார்கள். ஆயிரம் பீடிக்கு இவ்வளவு என்று கூலி. சரி, இந்த வேலைக்கு முதலாளி யார்? இலை கொடுத்த ஏஜெண்டா, லேபிள் ஒட்டி விற்கும் கம்பெனியா, அல்லது அந்த அம்மாவே சொந்தத் தொழில் செய்கிறாரா? பி.எஃப்., விடுப்பு எல்லாமே இந்த ஒரு கேள்விக்கான பதிலைப் பொறுத்தவை. அந்தப் பதில் கிடைக்கவே கால் நூற்றாண்டு ஆனது.

ஆங்கிலேயர் காலத்திலிருந்து நமக்கு வந்த நீதிமுறையில் தீர்ப்பும் ஒருவகையில் சட்டம்தான். உச்ச நீதிமன்றம் வகுக்கும் சட்டம் நாட்டின் எல்லா நீதிமன்றங்களையும் கட்டுப்படுத்தும் என்கிறது அரசியலமைப்பின் 141ஆவது பிரிவு. அதனால் ‘தொழிலாளி’ என்ற சொல்லுக்கு எங்கோ ஒரு வழக்கில் சொன்ன பொருள், நம் ஊர் வீட்டுக்குள்ளும் வந்து உட்கார்ந்துகொள்ளும்.

யார் தொழிலாளி என்று பார்க்க நீதிமன்றங்கள் வைத்திருந்த முதல் அளவுகோல் கட்டுப்பாடு. வேலையை எப்படிச் செய்வது என்று சொல்லும் அதிகாரம் யாரிடம் இருக்கிறது? 1960இல் நாக்பூர் பீடித் தொழிலாளர் வழக்கில், பீடி சரியில்லை என்றால் முதலாளி அதை வேண்டாம் என்று கழித்துவிட முடிகிறதே, அதுவே கட்டுப்பாடுதான் என்றது உச்ச நீதிமன்றம். அடுத்த ஆண்டே இன்னொரு வழக்கில் எதிர்த் தீர்ப்பு வந்தது: நினைத்த நேரத்துக்கு வந்து நினைத்த நேரத்துக்குப் போகிறவர் தொழிற்சாலைச் சட்டப்படி தொழிலாளி அல்ல. அந்த இரண்டாவது தீர்ப்பை என்னால் ஏற்க முடியவில்லை. நேரம் அவர் கையில் இருக்கலாம், கூலி அவர் கையில் இல்லையே.

பிறகு 1964இல் சென்னை மாநிலத்திலிருந்து போன வழக்கு. நாங்கள் ஒப்பந்ததாரரிடம்தான் பீடி வாங்குகிறோம், சுற்றுகிறவர்களுக்கும் எங்களுக்கும் சம்பந்தமில்லை என்றார்கள் உற்பத்தியாளர்கள். காகிதத்தில் எழுதியதை ஒதுக்கிவிட்டு நடப்பைப் பார்த்தது நீதிமன்றம். இலையும் தூளும் கம்பெனியுடையவை, முடிந்த பீடியும் கம்பெனிக்கே போகிறது. ஆகவே ஒப்பந்ததாரர் வெறும் இடையாள், சுற்றுகிறவர்கள் கம்பெனியின் ஆட்கள் என்று சொல்லிவிட்டது.

ஒவ்வொரு வழக்காக இப்படிப் போராடிக்கொண்டிருக்க முடியுமா? 1966இல் நாடாளுமன்றம் பீடி, சுருட்டுத் தொழிலாளர்களுக்கென்றே தனிச் சட்டம் இயற்றி, வீட்டில் சுற்றுகிறவரும் தொழிலாளியே என்று எழுதி வைத்தது. இது எங்கள் தொழில் சுதந்திரத்தைப் பறிக்கிறது என்று முதலாளிகள் வழக்குப் போட்டார்கள். அரசியலமைப்பின் 19ஆவது பிரிவு தொழில் நடத்தும் உரிமையைத் தருகிறது, கூடவே பொதுநலனுக்காக நியாயமான கட்டுப்பாடு விதிக்கவும் இடம் தருகிறது. 1974இல் அந்தச் சட்டம் செல்லும் என்று தீர்ப்பானது. அப்புறம் 1985இல் வீட்டில் சுற்றுகிறவருக்கும் பி.எஃப். உண்டு என்று உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது. அங்கேயும் கைகொடுத்தது அதே பழைய வாதம்தான்: கழிக்கும் உரிமை இருக்கிறதல்லவா, அதுவே கட்டுப்பாடு. கூலியை அறுக்கும் அந்தக் கழிவே அவர்களுடைய உரிமைக்குச் சாட்சியானதை நினைத்தால் எனக்கு இன்றும் வியப்பு.

தொழிலாளர் விஷயம், மத்திய அரசும் மாநில அரசும் சட்டம் இயற்றக்கூடிய பொதுப்பட்டியலில் இருப்பதால் தில்லியோடு சென்னைக்கும் இதில் பங்கு உண்டு. குறைந்தபட்சக் கூலியைப் பெரும்பாலான தொழில்களுக்கு மாநில அரசுதான் அறிவிக்கிறது. வேலூர் லாங்கு பஜார் ஜவுளிக் கடையில் நாள் முழுக்க நிற்கும் பெண்ணுக்கு உட்கார இருக்கை தரவேண்டும் என்பது தமிழ்நாடு 2021இல் தன் கடைகள் சட்டத்தில் செய்த திருத்தம்.

தீர்ப்பே சட்டமாகும் இந்த அமைப்பு முதலாளியின் பணப்பெட்டி வரைக்கும் போகும் என்பதற்குப் பாலாறு சாட்சி. ராணிப்பேட்டை, ஆம்பூர், வாணியம்பாடி தோல் ஷாப்புகளின், அதாவது தோல் பதனிடும் ஆலைகளின், கழிவுநீர் ஆற்றையும் கிணறுகளையும் கெடுத்ததை எதிர்த்து வேலூர் குடிமக்கள் நல மன்றம் உச்ச நீதிமன்றம் போனது. 1996 ஆகஸ்ட் 28 தீர்ப்பில், மாசுபடுத்தியவரே இழப்பீடு தரவேண்டும், ஆபத்து முழுதாக நிரூபணமாகும் வரை காத்திருக்கக் கூடாது என்ற இரண்டு கொள்கைகளும் இந்நாட்டுச் சட்டத்தின் பகுதி என்று நீதிமன்றம் அறிவித்தது. இந்த வார்த்தைகளில் எந்தச் சட்டத்திலும் அதுவரை எழுதப்படாதவை அவை. உயிர் வாழும் உரிமை தரும் 21ஆவது பிரிவிலிருந்தும் சுற்றுச்சூழல் சட்டங்களிலிருந்தும் நீதிபதிகள் அவற்றை எடுத்தார்கள். தோல் ஷாப் ஒவ்வொன்றுக்கும் 10,000 ரூபாய் அபராதம். 2010இல் தேசியப் பசுமைத் தீர்ப்பாயச் சட்டம் வந்தபோது அதே கொள்கைகளை நாடாளுமன்றமே அதில் எழுதிக்கொண்டது. வடஆற்காட்டுக் கிணற்றுநீருக்காகப் போட்ட வழக்கு, இன்று நாட்டின் எந்த மூலையில் ஆலை தொடங்குகிறவரின் கணக்கிலும் ஒரு செலவு.

2025 நவம்பரில் 29 மத்தியத் தொழிலாளர் சட்டங்களை நான்கு தொகுப்புகளாகச் சுருக்கி நடைமுறைக்குக் கொண்டுவந்தார்கள். பீடித் தொழிலாளர் சட்டமும் அதில் கரைந்துவிட்டது. ‘தொழிலாளி’, ‘வேலையளிப்பவர்’ என்ற சொற்களுக்குப் புது வரையறைகள் வந்திருக்கின்றன. அவற்றின் எல்லை தகராறாகும்போது, இலை யாருடையது, கழிப்பது யார் என்ற கேள்விகளை வழக்கறிஞர்கள் மறுபடியும் எழுப்பியாக வேண்டும்.